கவிழ்த்து வைத்த சப்பாத்து

அத்தியாயம் 4

பிரதீபனின் தலையின் பின்பக்கம் உடைந்திருந்தது. ஆழமில்லாத தண்ணீரில் நட்ட களங்கண்ணி வலைக் கம்புகளுக்கிடையில் சிக்கிக் கிடந்தவரை விடியற்காலையில் நண்டுவலைக்காரர் இருவர் கண்டு, இழுத்து வந்து கரையில் கிடத்தியிருந்தார்கள். சேட்டு இருந்தது. காற்சட்டை இருந்தது. மணிக்கூடு ஓடிக்கொண்டிருந்தது. கால்களில் சாம்பல் நிறச் சொக்ஸ் இருந்தது. சப்பாத்து மட்டும் இல்லை.

"சொக்ஸோட நீச்சலடிக்கிற ஆளை இண்டைக்குத்தான் பாக்கிறன்," என்றான் முன்ஸிர்.

"வாயை மூடு."

"மூடத்தான் வேணும் அக்கா. மணம் அப்பிடி."

மணம் பிணத்திலிருந்து வரவில்லை. எங்களுக்குப் பின்னால் ஊராரின் மூன்று பிளாஸ்டிக் வள்ளங்கள் எரிந்து, கறுப்புக் களியாக உருகிக்கொண்டிருந்தன. பிரதீபன் செத்த செய்தி கேட்டதும் படகுத்துறை வேலையாட்கள் வைத்த நெருப்பு. பதிலுக்கு ஊர் கல்லால் எறிந்தது. வேலையாள் ஒருவனுக்கு ஒரு கண் போய்விட்டது. ஊர்ப் பெண்ணொருத்திக்குத் தாடை உடைந்திருந்தது. காலை எட்டு மணிதான் ஆகியிருந்தது.

நான் கமலாசனி, பூநகரிப் பக்கத்துக்குத் திடீர் மரண விசாரணை அதிகாரி. ஒருவர் எப்படிச் செத்தார் என்று பார்த்து எழுதி நீதிமன்றத்துக்குக் கொடுப்பது என் வேலை. முன்ஸிர் என் ஓட்டோச் சாரதி. ஏழு வருடமாக என்னைப் பிணங்களிடம் ஏற்றிப்போகிறவன். கேட்காமலே கருத்துச் சொல்வான். அதில் பாதி பயன்படும்.

தில்லைமுனை, இடுப்பளவே ஆழமான பரவைக்கடல் ஓரத்துச் சின்ன ஊர். அறுபது வள்ளங்கள் விட்ட கரை. போன வருடம் உல்லாசப் படகுத்துறை கட்ட ஒரு நிறுவனம் வந்தது. வெளிநாட்டுப் பாய்ப்படகுகள் வந்து நிற்குமாம். அதற்காகக் கரை முழுவதையும் முள்ளுக்கம்பியால் அடைத்து, ஊருக்கு முப்பதடி மட்டும் மிச்சம் விட்டார்கள். அந்த முப்பதடிக்குள் அறுபது வள்ளமும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்றன. ஓமந்தைக்காரனான பிரதீபன் அந்த வேலையின் மேற்பார்வையாளர். வயது முப்பத்தி நாலு.

"ஆர் செய்தது எண்டு கேக்கவே தேவையில்லை, அக்கா," என்றார் பொலிஸ் சார்ஜன் கனகலிங்கம். அவருடைய சேட்டுக் கை கிழிந்திருந்தது. "கோகுலன். மூண்டு நாளைக்கு முன்னம் சனம் பாத்திருக்க, வள்ளம் தள்ளுற மரக்கோலால இவருக்கு அடிச்சவன். இவர் சப்பாத்தோட அவன்ர வள்ளத்துக்குள்ள ஏறிப்போட்டார். 'இன்னொருக்கா ஏறினா காலை வெட்டுவன்' எண்டு கத்தினவன். இப்ப அவன்ர வள்ளம் முழுக்க இரத்தம்."

"அவன் எங்க?"

"தில்லை மரப் பத்தைக்குள்ள ஓடிட்டான். கிளிநொச்சியில இருந்து ஆக்கள் வர இன்னும் ஒரு மணித்தியாலம் செல்லும். நானும் இரண்டு கொன்ஸ்டபிளும்தான் நிக்கிறம். படகுத்துறை வேலையாக்கள் நாப்பது பேர்."

அந்த நாற்பது பேருக்கும் முன்னால் ஒருவன் இரும்புக் கம்பியோடு வந்தான். நெடுவலான ஆள். கணுக்கால் வரை மூடிய, நாடா இல்லாத கனத்த சப்பாத்து. படகுத்துறைக் காவலர்களின் பொறுப்பாளன், தவரூபன்.

"அக்கா, பத்து நிமிசம் தாங்கோ. அவனைக் கொண்டந்து தாறன். முழுசாய் வேணுமோ, துண்டாய் வேணுமோ?"

"உயிரோட வேணும். கடல் பக்கத்தால வள்ளத்தில போய்ப் பாத்தனீங்களோ?"

"ஐயோ, நானோ? எனக்குத் தண்ணியெண்டாலே பயம். நான் புளியங்குளத்தான். குளத்திலயே கால் நனைக்கிறேல்லை. இங்க வந்து ஒரு வருசம், ஒரு வள்ளத்தில ஏறினதில்லை. கேட்டுப் பாருங்கோ."

சுற்றி நின்றவர்கள் ஓமென்று தலையாட்டினார்கள்.

"நல்லது," என்றான் முன்ஸிர். "தண்ணிக்குப் பயந்த ஆளைப் படகுத்துறைக்குக் காவல் வைச்சிருக்கினம். நான் மீனைப் பூனையிட்டக் குடுத்த ஆக்களைக் கண்டிருக்கிறன், இது புதுசு."

தவரூபன் அவனுடைய கழுத்துப்பட்டியைப் பிடித்து ஓட்டோவின் கம்பியோடு மோதினான். முன்ஸிரின் உதடு வெடித்தது. சார்ஜன் இடையில் புகுந்து பிரித்தார்.

"பகிடி விளங்காட்டிச் சொல்லியிருக்கலாமே, அண்ணை," என்றான் முன்ஸிர் இரத்தத்தைத் துப்பிக்கொண்டு. "மெதுவாய்த் திருப்பிச் சொல்லியிருப்பன்."

சப்பாத்து இரண்டும் பாதி கட்டிய இறங்குதுறையின் கொங்கிறீட் தூணடியில் கிடைத்தன. தூணில் இரத்தம் தெறித்துக் காய்ந்திருந்தது. நேற்றுப் பின்னேரம், வேலை முடிந்து எல்லோரும் குளிக்கப் போன நேரத்தில், பிரதீபன் அடிபட்ட இடம் இதுதான். சப்பாத்துகள் தூணிலிருந்து நாலு அடி தள்ளி, தண்ணீர் ஓரத்தில், பக்கத்தில் பக்கமாக இருந்தன. இரண்டும் கவிழ்த்து, அடி மேலே பார்க்க.

ஒன்றை எடுத்தேன். நாடா ஒழுங்காக அவிழ்க்கப்பட்டிருந்தது. நாடாவின் இரண்டு நுனிகளிலும் விரல் பிடித்த அளவுக்கு இரத்தம்.

"சார்ஜன், பாருங்கோ. தலை உடைஞ்ச பிறகுதான் இந்த நாடா அவிழ்ந்திருக்கு."

"அதுக்கு?"

"தலை பிளந்த மனிசன் குனிஞ்சு தன்ர நாடாவை அவிழ்ப்பானோ? கொலை செய்தவன்தான் அவிழ்த்திருக்கிறான். ஆரும் கண்டாலும் எண்டு பயந்து, பிணத்தை வள்ளத்தில ஏத்த வேண்டிய நேரத்தில, குந்தியிருந்து சப்பாத்துக் கழட்டியிருக்கிறான். மணிக்கூட்டைத் தொடேல்லை. சொக்ஸையும் தொடேல்லை."

"சப்பாத்துக் கள்ளனோ?" என்றான் முன்ஸிர்.

"கள்ளன் விட்டிட்டுப் போவானோ?"

"அப்ப தொழப் பள்ளிக்குள்ள போற ஆள். நாங்கள்தான் வாசலில கழட்டிறது."

"வேற எங்க கழட்டுவினம்?"

எனக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது. "வள்ளத்தில ஏறேக்கயும் கழட்டோணும், அம்மா."

கோகுலனின் தாய் இரஞ்சிதம். ஊர்ப் பக்கத்திலிருந்து தனியே நடந்து வந்திருந்தா. புருசனும் மூத்தவர்கள் இருவரும் போரின் கடைசி மாதத்தில் போய்விட்டார்கள். கோகுலன் ஒருவன்தான் மிச்சம்.

"வள்ளம் சோறு போடுற இடம். அதுக்குள்ள ஆரும் செருப்போட ஏறமாட்டினம். பிணமெண்டாலும் செருப்போட ஏத்தமாட்டினம். எங்கட ஆக்களுக்குக் கை தானாய்..."

அவ்வளவில் வாய் நின்றது. தான் என்ன சொல்கிறா என்று அவவுக்கு விளங்கிவிட்டது. கையால் வாயைப் பொத்தினா. ஆனால் சொல் வெளியே வந்துவிட்டது, சார்ஜனும் தவரூபனும் கேட்டும் விட்டார்கள்.

"பெத்த தாயே சொல்லிப்போட்டா!" என்று தவரூபன் நாற்பது பேரையும் பார்த்துக் கத்தினான். "மீன்பிடிகாரன்தான் செய்திருக்கிறான். இனி என்ன விசாரணை?"

"அவன் செய்யேல்லை!" இரஞ்சிதம் என் கையைப் பிடித்தா. அவவின் நகம் என் தோலுக்குள் இறங்கியது. "அம்மா, முந்தநாள் அந்தப் பிரதீபன் தம்பி எங்கட வீட்டை வந்தவர். அடிச்ச பெடியனிட்டத் தானே மன்னிப்புக் கேட்டவர். தேத்தண்ணி குடிச்சவர். ஏதோ வரைபடம் கிடக்கு, அதில எங்கட கரை அடைபடேல்லை, கொண்டந்து காட்டுறன் எண்டவர். அவரை ஏன் என்ர பிள்ளை கொல்லுறான்?"

ஒருவரும் அதைக் கேட்டு நிற்கவில்லை. தவரூபனின் கை அசைந்தது. ஆட்கள் தில்லைப் பத்தைப் பக்கம் ஓடினார்கள். சார்ஜன் விசில் ஊதிக்கொண்டே பின்னால் ஓடினார்.

நான் கையில் சப்பாத்தோடு நின்றேன். என் கெட்டித்தனம் ஒரு தாயின் வாயாலேயே மகனைக் காட்டிக்கொடுக்க வைத்திருந்தது.

"அக்கா," முன்ஸிரின் குரலில் பகிடி இல்லை. "அந்த வேலியைப் பாருங்கோ."

முப்பதடிக் கரையை ஒட்டிய முள்ளுக்கம்பி வேலி. அதில் முள்ளுக்கு முள் செருப்புகள் சோடி சோடியாகத் தொங்கின. இருட்டோடு தொழிலுக்குப் போய் இன்னும் திரும்பாதவர்களின் செருப்புகள்.

"இங்க ஏன் தொங்கவிடுகினம்?" என்று இரஞ்சிதத்திடம் கேட்டேன்.

"நிலத்தில வைக்க இடமெங்க, அம்மா? ஒரு வள்ளம் இழுத்தா பத்துச் சோடி சேத்துக்குள்ள போயிடும். வேலி போட்ட நாள் தொடக்கம் எல்லாரும் அதிலதான் கொழுவுறது. சின்னப்பிள்ளையளும் அப்பிடித்தான்."

"கம்பனி ஊருக்குச் செய்த ஒரேயொரு வசதி," என்றான் முன்ஸிர். "அக்கா, இந்த ஊரான் கழட்டினவனெண்டா அந்தச் சப்பாத்தும் கம்பியில தொங்கியிருக்கோணும். தூணடியில இருந்து வேலி ஆறடி. இது நிலத்தில கிடந்தது. அதுவும் கவிழ்ந்து."

"கவிழ்ந்தா என்ன?"

"நான் முல்லைத்தீவான். வாப்பா கருவாட்டு யாவாரி. தொண்ணூறில எங்கட முஸ்லிம் சனத்தைத் துரத்தேக்க எனக்குப் பத்து வயசு. அதுவரைக்கும் கரைவலைக் கரையிலதான் திரிஞ்சனான். அங்க நாப்பது பேர் வலை இழுக்கப் போனா நாப்பது சோடி செருப்பும் மணலில கவிழ்ந்து கிடக்கும். நிமித்தி வைச்சா காத்து மணலை அள்ளி நிரப்பிப்போடும். மத்தியான வெயிலில அந்த மணலுக்குள்ள காலை வைச்சா சுட்டுப் பொத்தும். முல்லைத்தீவு மாதிரிப் பெருங்கடல் கரையில பிறந்தவன் செருப்பைக் கவிழ்க்காமல் வைக்கமாட்டான். இங்க சேறு. கவிழ்க்க ஒரு நியாயமும் இல்லை."

நான் சப்பாத்தைத் திருப்பிப் பார்த்தேன். "அப்ப இந்தக் கரையில முல்லைத்தீவுப் பக்கத்தான் ஆர்?"

"எனக்குத் தெரிஞ்சு நான் ஒருத்தன்தான். பிடிச்சுக் கட்டுங்கோ."

தில்லைப் பத்தையிலிருந்து புகை எழும்பியது.

தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் கண் போகும். அதன் புகையே மிளகாய் போல எரிக்கும். அது தெரிந்துதான் அவர்கள் பத்தைக்கு நெருப்பு வைத்திருந்தார்கள். சிறிது நேரத்தில் கோகுலன் வெளியே விழுந்தான். இரண்டு கண்ணையும் கையால் பொத்தியிருந்தான். பார்க்க முடியாமல் எங்கள் பக்கமாக ஓடிவந்தவனைக் குறுக்கே மறித்து, ஒருவன் மண்வெட்டிப் பிடியால் தோளில் அடித்தான். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. கோகுலன் விழுந்தான், எழும்பினான், கல்லொன்று முதுகில் பட மறுபடி விழுந்தான். தவழ்ந்தே தண்ணீருக்குள் இறங்கினான். முப்பதடியின் விளிம்பில் நின்ற ஒரு வள்ளத்தைக் கை தடவிக் கண்டு, அதற்குள் புரண்டு விழுந்து, நல்ல கையால் மரக்கோலை ஊன்றினான். வள்ளம் கரையை விட்டு நகர்ந்தது.

வேலையாட்கள் தண்ணீர் ஓரத்தில் நின்றுவிட்டார்கள். அவர்கள் காட்டுக்கும் வயலுக்கும் பழகியவர்கள். ஒருவருக்கும் வள்ளம் தள்ளத் தெரியாது.

"விடாதேங்கோடா!" தவரூபன் அவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தான். முகம் முழுவதும் கொலைவெறி. கையில் கம்பி. கிட்ட நின்ற வள்ளத்தை நோக்கிப் பாய்ந்து ஓடி, அதன் ஓரத்தைப் பிடித்தான்.

அந்த இடத்தில் அவன் நின்றான்.

கம்பியைக் கக்கத்தில் இடுக்கினான். குனிந்தான். இரண்டு சப்பாத்தையும் இழுத்துக் கழற்றினான். பக்கத்தில் பக்கமாகச் சேற்றில் கவிழ்த்து வைத்தான். பிறகு வள்ளத்துக்குள் பாய்ந்து, கோகுலனின் பின்னால் கோலை ஊன்றினான்.

எல்லாம் மூன்று விநாடி. அந்த மூன்று விநாடியும் அவன் கண் கோகுலனை விட்டு அசையவில்லை. கைகள் மட்டும் தங்கள் பாட்டில் வேலை செய்தன.

"அக்கா!" முன்ஸிர் என் தோளைப் பிடித்து உலுக்கினான். "கண்டனீங்களோ?"

"கண்டன்."

தவரூபன் வள்ளம் தள்ளியதையும் கண்டேன். உடம்பு நிமிர்ந்து, கோல் ஒருபோதும் சேற்றில் புதையாமல், நாலே தள்ளில் கோகுலனின் பக்கத்தில் போய்விட்டான். கம்பியை ஓங்கி அடித்தான். கோகுலன் ஒருபக்கம் சரிந்தான். காதிலிருந்து இரத்தம் வழிந்தது. இரண்டாவது அடிக்குக் கை எழும்பியது.

இரஞ்சிதம் ஏற்கெனவே தண்ணீருக்குள் நின்றா. இடுப்பளவு தண்ணீரில் நடந்துபோய் மகனின் வள்ளத்தின் மேல் தன் உடம்பைப் போட்டா. அந்த அடி அவவின் முழங்கையில் விழுந்தது. அவ கத்தவில்லை. கையை எடுக்கவும் இல்லை.

சார்ஜன் ஆகாயத்தை நோக்கிச் சுட்டார். தவரூபன் திரும்பியும் பார்க்கவில்லை.

"புளியங்குளத்து அண்ணை!" முன்ஸிர் தண்ணீருக்குள் பாய்ந்தபடி கத்தினான். "சப்பாத்தை மறந்திட்டீர்!"

தவரூபன் திரும்பினான். முன்ஸிர் எறிந்த சப்பாத்து, இரும்பு மூக்கு முன்னால் பார்க்க, அவனுடைய வாயில் நேராக விழுந்தது. பல் தெறித்தது. அவன் பின்பக்கமாகத் தண்ணீருக்குள் விழ, கொன்ஸ்டபிள்மார் இருவரும் அவன் மேல் விழுந்தார்கள். தலையைத் தண்ணீருக்குள் இரண்டு தரம் அமுக்கிய பிறகுதான் கம்பியை விட்டான்.

கரையில் அவனை முழங்காலில் வைத்தார்கள். கைகள் பின்னால் கட்டப்பட்டிருந்தன. மற்றச் சப்பாத்து இன்னும் சேற்றில் கவிழ்ந்தபடி கிடந்தது. நான் பிரதீபனின் சப்பாத்தை அதற்குப் பக்கத்தில் அதே மாதிரி வைத்தேன்.

"தவரூபன், உமக்கு எந்தக் கரை?"

அவன் சேற்றுக்குள் இரத்தம் துப்பினான்.

"இந்த ஊரான் எண்டா வேலியில கொழுவியிருப்பான். காட்டுப்பக்கத்தான் எண்டா கழட்டியே இருக்கமாட்டான். பெருங்கடலான் மட்டும்தான் இப்பிடி வைப்பான். பிரதீபன்ர காலில இருந்து கழட்டி இப்பிடி வைச்சனீர். இப்ப உம்மடதையும் இப்பிடித்தான் வைச்சனீர். நாப்பது பேரும் பாத்துக்கொண்டு நிண்டவை."

அவன் இரண்டு சப்பாத்தையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் முகத்திலிருந்த வெறி வடிந்து, அந்த இடத்தில் வியப்புத்தான் வந்தது.

"நான் கழட்டினனானோ?" என்று கேட்டான்.

நான் பிரதீபனின் சப்பாத்து நாடாவில் காய்ந்திருந்த இரத்தத்தைக் காட்டினேன்.

"எனக்கு ஞாபகமில்லை. அவனைத் தூக்கினது ஞாபகம். கோகுலன்ர வள்ளம் எண்டு பாத்து எடுத்தது ஞாபகம். கழட்டினது..." உடைந்த வாயால் இரத்தம் வடித்தான். "அப்பா கரைவலைக்காரன். செருப்போட ஏறினா வலைக்கயிறால விளாசுவார். கம்பனிக்காரர் மீன்பிடிகாரரைக் காவலுக்கு எடுக்கமாட்டம் எண்டவங்கள். அதாலதான் புளியங்குளம் எண்டு சொன்னனான்."

"பிரதீபனை ஏன்?"

"அனுமதி குடுத்த வரைபடத்தில சனத்துக்கு முன்னூறடி விட்டிருக்கு. எங்கட கம்பனிக்காரர் அதையும் சேத்து அடைச்சுப்போட்டினம். அவன் அதைக் கொண்டுபோய்ச் சனத்திட்டக் காட்டப் போறனெண்டு நிண்டான். அவனை நிப்பாட்டு எண்டு சொன்னவங்கள். நான் நிப்பாட்டினன்."

நாற்பது பேரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். ஒரு மண்வெட்டிப் பிடி நிலத்தில் விழுந்தது. பிறகு இன்னொன்று. கோகுலனின் தோளை உடைத்தவன் அப்படியே சேற்றில் குந்திவிட்டான்.

அதற்குள் முன்ஸிர் கோகுலனைத் தூக்கி ஓட்டோவின் பின்னிருக்கையில் கிடத்தியிருந்தான். கண்ணிமைகள் இரண்டும் வீங்கி ஒட்டியிருந்தன. மூச்சு இழுத்து இழுத்து வந்தது. தாய் உடைந்த கையை மடியில் போட்டுக்கொண்டு மற்றக் கையால் அவனுடைய தலையைத் தாங்கியிருந்தா. ஆசுபத்திரிக்குக் கிறவல் றோட்டால் பதினேழு கிலோமீற்றர்.

நான் முன்பக்கத்தில் ஏறக் காலெடுத்தேன்.

"நீங்கள் ஏறாதேங்கோ!" இரஞ்சிதம் கத்தினா. "நீங்கள் செத்தவையிட்டப் போற ஆள். என்ர பிள்ளையோட வராதேங்கோ. இறங்குங்கோ!"

முன்ஸிர் என்னைப் பார்த்தான். அவனுக்கும் ஒரு பகிடி வரவில்லை. நான் இறங்கினேன்.

எனக்குக் கோபம் வரவில்லை. போரில் காயப்பட்ட என் மகனை ஏற்றிய உழவு இயந்திரப் பெட்டியில் எங்களுக்கு முன்னமே ஒருவர் முகம் மூடிக் கிடந்தார். அவரை இறக்கிவிடச் சொல்லி நானும் இப்படித்தான் கத்தினேன். இறக்கினார்கள். அது ஒன்றுக்கும் உதவவில்லை.

ஓட்டோ புழுதிக்குள் மறைந்தது. கிளிநொச்சியிலிருந்து வாகனங்கள் வந்தன. தவரூபனை ஏற்றினார்கள். வரைபடத்தைத் தேடி அலுவலகத்தை உடைத்தார்கள். நான் பிரதீபனின் பக்கத்தில் ஒரு சீமெந்துக் கல்லில் இருந்து படிவத்தை நிரப்பினேன். பெயர், வயது, ஊர், மரணத்துக்கான காரணம். எழுதி முடித்த பிறகும் பேனையை மூடவில்லை. பையில் இன்னும் வெற்றுப் படிவங்கள் இருந்தன. அந்தப் பக்கம் கையைக் கொண்டுபோகாமல் இருந்தேன்.

பதினொன்றே காலுக்குக் கைத்தொலைபேசி அடித்தது. முன்ஸிர். எடுத்தேன். பின்னால் யாரோ அழுவது கேட்டது. எந்த அழுகை என்று தெரியவில்லை.

"சொல்லு," என்றேன்.

"அக்கா, உங்களுக்கு இங்க வேலையில்லையாம்," என்றான். அவனுடைய குரலில் பகிடி திரும்பியிருந்தது. "அந்த மனிசிதான் சொல்லச் சொன்னவா."